‘காலொகேஷன்’: சொற்சேர்க்கையா, சொல்லிணக்கமா?

அனைவருக்கும் வணக்கம்.

துறைசார் ஆங்கில அகராதிகளையும் அவற்றுக்குத் துணையாக வரும் பயிற்சி நூல்களையும் தமிழ்வழி படித்தவர்கள் தாங்களாகவே பயன்படுத்த ஒரு வழிகாட்டி எழுதிவருகிறேன் என்று முன்பு சொல்லியிருந்தேன். அதற்கான கலைச்சொற்களில் பெரும்பாலானவை சிக்கலில்லாமல் முடிந்துவிட்டன. துறை அகராதி, பயிற்சி நூல், தலைச்சொல் (அகராதியில் நாம் தேடிப் போகும் சொல்), எடுத்துக்காட்டுத் தொடர் ஆகியவற்றில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ‘ஒர்க்புக்’ என்பதற்குப் ‘பணிப்புத்தகம்’ வேண்டாம் என்று பலரும் சொன்னது சரிதான். அந்தப் பெயர் ஏதோ அலுவலகப் பதிவேட்டை நினைவூட்டுகிறது.

மீதி நிற்பது ‘காலொகேஷன்’ ஒன்றுதான், அதாவது ஒரு சொல்லோடு வழக்கமாக இன்ன சொல்தான் சேர்ந்து வரும் என்ற பழக்கம். இதற்கு இத்தனை மடல்கள் தேவையா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். தேவை என்றுதான் நினைக்கிறேன். இந்த நூல்களின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொள்ள சாதாரண அகராதி போதும். துறை அகராதியைக் கையில் எடுப்பவருக்கு வேண்டியது, அந்தச் சொல் எந்தச் சொல்லோடு வரும் என்பது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். செவிலியர் பணிக்குப் பயிற்சி எடுக்கும் ஒரு பெண் எழுதிய ஆங்கிலக் குறிப்பைத் திருத்திக் கொடுத்தேன். நோயாளி மூன்று மாத்திரை சாப்பிட்டார் என்பதற்கு ‘ஏட் த்ரீ டேப்லெட்ஸ்’ என்று எழுதியிருந்தார். இலக்கணம் சரி, எழுத்துக்கூட்டல் சரி. ‘சாப்பிடு’ என்று அகராதியில் தேடினால் ‘ஈட்’ என்றுதான் போட்டிருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் மாத்திரையோடு ‘டேக்’தான் வரும். அதே குறிப்பில், மருத்துவர் மருந்து கொடுத்தார், மருந்தகத்தில் மருந்து கொடுத்தார்கள், நான் மருந்து கொடுத்தேன் என்று மூன்று இடத்திலும் ‘கேவ்’ போட்டிருந்தார். தமிழில் நாம் அப்படித்தானே சொல்கிறோம்? எல்லாமே கொடுப்பதுதான். ஆங்கில மருத்துவ வழக்கில் மருத்துவர் எழுதித் தருவது ‘பிரிஸ்கிரைப்’, மருந்தாளுநர் எடுத்துத் தருவது ‘டிஸ்பென்ஸ்’, செவிலியர் நோயாளிக்குச் செலுத்துவது ‘அட்மினிஸ்டர்’, நோயாளி உட்கொள்வது ‘டேக்’. மருந்து ஒன்று, கை நான்கு, வினையும் நான்கு. யார் செய்தார் என்பதை வினையே சொல்லிவிடுகிறது. மருத்துவமனைக் குறிப்பில் இது நடைக்காக மட்டும் பார்க்கும் விஷயம் இல்லை. அடுத்த ஷிஃப்டில் வருபவர், மருந்து எழுதப்பட்டதோடு நிற்கிறதா, நோயாளிக்குக் கொடுத்தாகிவிட்டதா என்பதை அந்த ஒரு வினையிலிருந்துதான் தெரிந்துகொள்வார்.

இந்தப் பெண்ணுக்கு ‘இது காலொகேஷன் பிழை அம்மா’ என்று சொன்னால் என்ன விளங்கும்? இங்கேதான் நமக்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும்.

இதுவரை வந்த பரிந்துரைகளை எடுத்துக்கொள்கிறேன்.

> இணைச்சொல் அல்லது இணைமொழி என்று வைக்கலாமே?

வேண்டாம். ‘அல்லும் பகலும்’, ‘ஏழை எளியவர்’ போன்றவற்றைத்தான் இணைமொழி என்று மாணவர்கள் படிக்கிறார்கள். பெயர் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

> உடனிகழ்வு?

இரண்டு சொற்கள் அருகருகே எத்தனை முறை வருகின்றன என்று கணினி எண்ணிச் சொல்வதற்கு இது பொருந்தும். ஆனால் அருகருகே வருவதெல்லாம் நாம் தேடுவது ஆகாது. மேலும் இந்தச் சொல்லில் தற்செயல் என்ற வாடை அடிக்கிறது. ‘பிரிஸ்கிரைப்’ வந்தது தற்செயல் இல்லை.

> சொற்சேர்க்கை. எளிமையாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

இதை எளிதில் தள்ள மனம் வரவில்லை. ‘அவன் சேர்க்கை சரியில்லை’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா, அந்தச் ‘சேர்க்கை’ நமக்கு வேண்டிய பொருளுக்கு மிகவும் பக்கத்தில் நிற்கிறது. ஆங்கிலேய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: ஒரு சொல் யாரோடு பழகுகிறது என்பதை வைத்து அந்தச் சொல்லை அறியலாம். (ஃபர்த் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பு எழுதியிருக்கிறார். நம் மொழியின் ஓசையைக் காது கொடுத்துக் கேட்ட ஒருவரிடமிருந்து இந்தக் கருத்து வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.) ஆனால் ‘சொற்சேர்க்கை’ என்று எழுதியதும் படிப்பவர் மனதில் வருவது என்ன? இரண்டு சொல்லை ஒட்டி ஒரு சொல்லாக்குவது. கூட்டுச்சொல், தொகைச்சொல், புணர்ச்சி என்று எண்ணம் அந்தப் பக்கம் போய்விடுகிறது. இரண்டு பேரிடம் காட்டிக் கேட்டேன், இருவரும் ‘மரக்கிளை’ போன்றவற்றைத்தான் உதாரணம் சொன்னார்கள்.

என் பரிந்துரை: சொல்லிணக்கம்.

‘இணக்கம் அறிந்து இணங்கு’ என்பது ஆத்திசூடி. ஒருவர் நமக்குப் பொருந்துவாரா என்று பார்த்து அவரோடு பழகு என்கிறாள் ஔவை. சொல்லுக்கும் அதுவே பொருந்துகிறது. கலைச்சொல்லைப் பெயரோடு நிறுத்தாமல் அது வினையாக வருமா என்றும் பார்க்க வேண்டும். வகுப்பில் வாய்விட்டுச் சொல்லப் போவது வினையைத்தான். ‘டேப்லெட்டோடு ஈட் இணங்காது, டேக் இணங்கும்.’ சொல்லிப் பாருங்கள், விளக்கமே தேவையில்லை. கூட வரும் சொல் இணங்குசொல். இதற்கென்றே உள்ள அகராதி சொல்லிணக்க அகராதி. அப்படிப்பட்ட அகராதிகள் சில இருக்கின்றன. ஆங்கிலத்தில் 1986இல் பிபிஐ அகராதி வந்தது, 2002இல் ஆக்ஸ்ஃபோர்டு தனியாக ஒன்று வெளியிட்டது. அவற்றை எடுத்தவுடன் பலர் செய்யும் தவறு, வினையைத் தேடுவது. நமக்குத் தெரியாதது வினைதானே? தெரிந்த பெயர்ச்சொல்லைத் தேட வேண்டும். ‘இன்வாய்ஸ்’ என்ற தலைச்சொல்லின் கீழே போனால் ‘ரைஸ்’, ‘இஷ்யூ’, ‘செட்டில்’ என்று இணங்குசொற்கள் கிடைக்கும். வழிகாட்டியில் இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஒரு தடை எனக்கே தெரிகிறது. கணக்குத் துறை, சட்டத் துறை நூல்களில் ‘கம்ப்ளையன்ஸ்’ என்பதற்கு ‘இணக்கம்’ என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. கணினித் துறையில் ‘கம்பேட்டபிலிட்டி’க்கும் அதையே சொல்கிறார்கள். ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் குழப்பம்தான். அதனால் நம் சொல்லைத் தனித்து ‘இணக்கம்’ என்று எங்கும் எழுதாமல், எப்போதும் ‘சொல்லிணக்கம்’ என்றே எழுதலாம். மற்றதை ‘விதி இணக்கம்’ என்று பிரித்துக் காட்டலாம்.

‘சொல்மரபு’ என்ற பரிந்துரையும் வந்தது. மரபுத்தொடரோடு குழம்பும் என்பதால் அதை விட்டுவிட்டேன். ‘கம்பி நீட்டினான்’ என்பதில் கம்பியும் இல்லை, நீட்டுதலும் இல்லை. ‘கனமழை’ அப்படியில்லை, மழை மழைதான். அது தவிர, மரபு என்றால் பழையது என்ற எண்ணம் வரும். மென்பொருள் ‘பேட்ச்’சோடு ‘அப்ளை’ வருவது நேற்று வந்த வழக்கம்.

கருத்துகளை எழுதுங்கள்.

---

மறுமொழி

வணக்கம் ஐயா. நான் நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பவள். ‘சொல்லிணக்கம்’ பிடித்திருக்கிறது. ஆனால் மரபை இவ்வளவு விரைவாக ஒதுக்கியது எனக்கு ஒப்பவில்லை.

கூடை முடைந்தான், பானை வனைந்தான், சுவர் எழுப்பினான் என்று நாம் பள்ளியில் படித்ததற்கு வினைமரபு என்றுதானே பெயர்? குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும் என்பது ஒலிமரபு. ஆடு மேய்ப்பவனைப் பாகன் என்றும் யானையைப் பார்த்துக்கொள்பவனை இடையன் என்றும் சொன்னால் அது மரபு வழு. இந்த மாணவி ‘ஈட்’ என்று எழுதியது அதே வழுதான். நம்மிடம் இருக்கும் வீட்டை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் அஸ்திவாரம் தோண்ட வேண்டும்?

மரபு என்றால் பழையது என்றீர்கள். நன்னூல் அப்படிச் சொல்லவில்லை. ‘எப்பொருள் எச்சொல்லின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே.’ எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எப்படிச் சொல்கிறார்களோ அப்படிச் சொல்வது. துறைச்சொல் அகராதி செய்கிற வேலைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இங்கே உயர்ந்தோர் என்பதற்கு அந்தத் துறையில் தேர்ந்தவர் என்று பொருள் கொண்டால் போதும்.

என் துறையிலிருந்து ஒன்று. ‘பெயில்’ (ஜாமீன்) என்ற சொல்லோடு நீதிபதிக்கு ‘கிராண்ட்’. அதற்கான பணத்தையோ பிணையையோ கட்டுபவருக்கு ‘போஸ்ட்’. வெளியே வந்து தலைமறைவாகிவிட்டால் ‘ஜம்ப்’. மொழிபெயர்க்கத் தொடங்கிய காலத்தில் இந்த மூன்றையும் ஒரு பயிற்சி நூலின் பொருத்துக பகுதியில்தான் கற்றேன். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சிறு குழந்தைக்கும் தெரிந்த சொற்கள். எதை எங்கே போடுவது என்பதற்கு எனக்கு ஒரு வருடம் ஆனது.

---

மறுமொழி

நன்றி அம்மா. உங்கள் மடலைப் படித்த பிறகு நன்னூலோடு தொல்காப்பியத்தையும் எடுத்துப் பார்த்தேன். மரபை நான் அவசரப்பட்டுத்தான் ஒதுக்கியிருக்கிறேன்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் ‘வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்’ என்று ஒரு நூற்பா வருகிறது. இயம் என்பது எல்லா இசைக்கருவிக்கும் பொதுப்பெயர். பறை என்றால் கொட்டுவார்கள், குழல் என்றால் ஊதுவார்கள். பொதுவாக இயம் என்று சொல்லும்போது கொட்டினார் என்றோ ஊதினார் என்றோ சொல்லக் கூடாது, இயம்பினார் என்று பொதுவினையால் சொல்ல வேண்டும் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். பெயர் பொது என்றால் வினையும் பொது, பெயர் சிறப்பு என்றால் வினையும் சிறப்பு. எந்தப் பெயர் எந்த வினையோடு போகும் என்ற கேள்வியை நம் இலக்கணம் அவ்வளவு முன்பே எழுப்பி விதியும் சொல்லியிருக்கிறது. ஆங்கிலம் கற்பித்தலில் ஹெரால்டு பாமர் டோக்கியோவிலிருந்து இந்த வகைத் தொடர்களைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டது 1933இல்.

அதனால் என் பரிந்துரையை இப்படி மாற்றிக்கொள்கிறேன். பெயரும் வினையும் சேரும் வகைக்கு வினைமரபு என்றே வைத்துக்கொள்வோம். பயிற்சி நூல்களில் அதிகம் வருவதும் அந்த வகைதான். படிப்பவர்களுக்கு அது பள்ளியிலிருந்தே தெரிந்த பெயர், ஆங்கிலத்திலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் எல்லாமே வினை இல்லை. மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’ என்பது அடைமொழியும் பெயரும் சேர்வது. தமிழில் பலத்த மழை, பலத்த காற்று இரண்டும் சொல்வோம், ஆனால் கனமழை போலக் ‘கனக்காற்று’ என்று சொல்வதில்லை. அப்புறம் ‘டிபென்ட்’ என்ற வினைக்குப் பின்னால் ‘ஆன்’ வருவது வேறொரு வகை. இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகச் சொல்லிணக்கம் இருக்கட்டும். ‘சொல்மரபு’ என்று பொதுப்பெயர் வைத்தால் ‘மரபாகும், மரபாகாது’ என்றுதான் வினை வரும். ‘இணங்கும், இணங்காது’ போல அது வாயில் ஓடவில்லை. இந்த ஓர் இடத்தில் மட்டும் என் பிடிவாதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உதாரணத்தையே எடுத்து ஒரு பயிற்சியை எழுதிப் பார்த்தேன். அச்சில் இப்படி வரும்:

பயிற்சி 7 (வினைமரபு): ‘பெயில்’ என்ற தலைச்சொல்லோடு இணங்கும் வினைகள் ‘கிராண்ட்’, ‘போஸ்ட்’, ‘ஜம்ப்’. கீழே மூன்று பேர் இருக்கிறார்கள்: நீதிபதி, பணம் கட்டுபவர், தலைமறைவானவர். யாருடைய செயலுக்கு எந்த வினை என்று எழுதுக. பிறகு ‘கிவ்’ என்ற வினை இந்த மூன்று இடங்களில் எதிலாவது இணங்குமா என்று உங்கள் துறை அகராதியில் பார்த்து எழுதுக.

கடைசிக் கேள்வியை வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறேன். ‘கொடு’ என்று நினைத்தவுடன் கை ‘கிவ்’ எழுதப் போகும், அந்த இடத்தில் அகராதியைத் திறக்கும் பழக்கம் வர வேண்டும். சட்டப் பகுதியில் இன்னும் பத்துப் பதினைந்து தலைச்சொற்களுக்கு இதேபோல யார், எந்த வினை என்று நீங்கள் பிரித்துக் கொடுத்தால் பேருதவியாக இருக்கும். மருத்துவப் பகுதியை நாளை முதல் இந்தச் சொற்களை வைத்துத் திருத்தத் தொடங்குகிறேன்.