பாதியில் நிற்கும் நாலு வேலை, கையில் இரண்டு நாள்: எதை முதலில் தொடுவது?

மாடிப்படி (கேள்வி):
தீபாவளிக்கு முந்தைய சனி, ஞாயிறு மட்டும்தான் கையில். வீட்டில் அரைகுறையாக நிற்பவை:
1. பாத்ரூம் குழாய் சுவரோடு சேருமிடத்தில் கசிவு. டெஃப்லான் டேப் இரண்டு தடவை மாற்றியும் நிற்கவில்லை.
2. அதே பாத்ரூமில் தரை டைல்ஸ் இடுக்கை அடைத்த கிரவுட் பொடிகிறது. பாதி சுரண்டி அப்படியே கிடக்கிறது.
3. ஹாலில் கர்ட்டன் ராடு. இடது பிராக்கெட் நிற்கிறது. வலது பக்கம் ட்ரில் 1 செ.மீ.க்கு மேல் இறங்கவே இல்லை.
4. மழை பிடித்ததிலிருந்து படுக்கையறை மரக்கதவு நிலையில் முட்டுகிறது.
சாதாரண ட்ரில், ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் உண்டு. என்ன வரிசை, என்ன வாங்குவது?

நட்டுபோல்ட்டு:
குழாயிலிருந்து ஆரம்பிங்க சார். கிரவுட் போட்டுட்டு குழாயைக் கழற்றினா போட்டதெல்லாம் நனைஞ்சு வீணாயிடும்.

டேப்பை மாற்றியும் கசியுதுன்னா பெரும்பாலும் தப்பு டேப்புல இல்ல. டைல்ஸ் ஒட்டினதுக்கப்புறம் சுவருக்குள்ள இருக்கிற எல்போ (குழாய் வந்து மாட்டுற வளைவுத் துண்டு) ஆழத்துல போயிடும், குழாயோட மரை ரெண்டு சுத்துதான் பிடிக்கும். டேங்க் வால்வை மூடிட்டு, குழாயைக் கழற்றி, டேப் இல்லாம வெறும் கையால திருகிப் பாருங்க. ரெண்டு சுத்துல ஃபிளேஞ்ச் (சுவரை ஒட்டி நிக்கிற வட்டத் தகடு) சுவர்ல இடிச்சு நின்னா, அரை இஞ்ச் குழாய்க்கான எக்ஸ்டென்ஷன் நிப்பிள், அதாவது நடுவுல சேர்க்கிற மரை போட்ட துண்டு ஒண்ணு வேணும். நீளம் 1 இஞ்ச், ஒன்றரை இஞ்ச்னு கிடைக்கும். ஈர்க்குச்சியை உள்ள விட்டு ஆழம் அளந்துட்டு கடைக்குப் போங்க.

பழைய டேப் துணுக்கு ஒண்ணு விடாம எடுத்துடணும். மரை முனை உங்களைப் பார்த்த மாதிரி பிடிச்சு, கடிகாரம் சுத்துற பக்கமா இழுத்து இழுத்து 12 முதல் 15 சுத்து. முதல் மரையை விட்டுட்டு சுத்துங்க, இல்லன்னா பிசிறு தண்ணிப் பாதையில தொங்கும். நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்: முறுக்கும்போது குழாய் வாய் கீழே பார்க்கிற இடத்தைத் தாண்டிடும், நேராக்கறதுக்காகக் கொஞ்சம் பின்னாடி திருப்புவாங்க. அந்தக் கால் சுத்துலயே கசிவு ஆரம்பிச்சிடும். தாண்டிட்டா முழுசா கழற்றி, புது டேப் நாலு சுத்து கூட்டிப் போட்டு மறுபடி மாட்டுங்க. எல்போ பிளாஸ்டிக் மரையா இருந்தா சணல் வைக்கவே வேண்டாம். ஊறி உப்பி எல்போவையே பிளந்துடும்.

கரணை:
குழாய் முடிந்ததும் சனிக்கிழமையே மிச்ச கிரவுட்டைச் சுரண்டிவிடுங்கள். ஹாக்ஸா பிளேடு துண்டு போதும். 2 அல்லது 3 மி.மீ. ஆழமாவது போகவேண்டும். மேலோட்டமாகத் தடவியது காகிதம்போல உரிந்து வரும். பிறகு தூசியைப் பிரஷ்ஷால் தள்ளி, வாசலில் டேபிள் ஃபேன் வைத்து இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஐப்பசி ஈரத்தில் தானாகக் காயும் என்று நம்ப வேண்டாம்.

ஞாயிறு காலை கலவை. பொடியில் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு, டூத்பேஸ்ட் பதம் வந்ததும் நிறுத்துங்கள். தண்ணீர் கூடினால் காயும்போது சுருங்கி மயிரிழை விரிசல் விடும். இப்போது பொடிவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ரப்பர் தகட்டால் இடுக்குக்குக் குறுக்காகச் சாய்த்து அழுத்துங்கள். இடுக்கோடு இழுத்தால் போட்டது கூடவே வந்துவிடும். 15, 20 நிமிடம் கழித்து, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைக்கலாம். அதன்பின் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, அதனால் குளியலுக்கு வேறு வழி பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எபாக்ஸி கிரவுட் இதைவிட உறுதிதான், ஆனால் துடைக்கத் தாமதித்தால் டைல்ஸ் மேலேயே கல்லாகிவிடும். முதல் தடவைக்கு நான் சொல்லமாட்டேன்.

கொல்லைப்புறம்:
சுவரும் தரையும் சேர்ற மூலைக்கு ஒயிட் சிமெண்டே போதுமே, செலவும் கம்மி?

கரணை:
போதாது. சுவரும் தரையும் தனித்தனியாக அசையும். சிமெண்டுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது, முதலில் வாய் பிளப்பது அந்த மூலைதான். பூஞ்சை பிடிக்காத பாத்ரூம் சிலிகான் வாங்கி, கிரவுட் காய்ந்த மறுநாள் போடுங்கள். இரு பக்கமும் மாஸ்கிங் டேப், நடுவில் சிலிகான், சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பு. மேலே ஆடை கட்டுமுன் டேப்பை உரித்துவிட வேண்டும்.

இழைப்புளி:
ராடுக்கு: ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது லிண்டல், அதாவது கான்கிரீட். தூசியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல், சாம்பல் என்றால் கான்கிரீட், மினுமினுக்கும் உலோகத் துகள் வந்தால் கம்பி. கம்பியோடு மல்லுக்கட்டாமல் 3 செ.மீ. தள்ளுங்கள். கான்கிரீட்டுக்கு ஹாமர் வசதி உள்ள மெஷின் வேண்டும், பல கடைகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கும். பிட், நுனியில் கார்பைடு வைத்த 6 மி.மீ. சுவர் பிட். அதற்கு முன், மெஷின் ரிவர்ஸில் சுற்றவில்லையே என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்! ஸ்க்ரூ பிடிப்பதற்குத் துளைக்குள் வைக்கும் 6 மி.மீ. பிளக், 35 மி.மீ. நீளத்தில் 8ஆம் நம்பர் ஸ்க்ரூ. பிட்டில் 40 மி.மீ. அளவில் டேப் ஒட்டி, அதுவரை இறக்குங்கள். பூச்சே 12 மி.மீ. இருக்கும், பிளக் அதைத் தாண்டிப் போய் உட்கார வேண்டும். துளைத் தூசியை ஊதி எடுக்காவிட்டால் பிளக் பாதியில் நின்றுவிடும். சுவிட்ச்போர்டுக்கு நேர் மேலே மட்டும் துளைக்காதீர்கள், ஒயர் ஓடும்.

கதவு எந்த இடத்தில் முட்டுகிறது?

மாடிப்படி:
பூட்டுப் பக்கம், மேல் மூலையில் மட்டும். மற்ற இடத்தில் தாராளமாகவே இடைவெளி இருக்கிறது.

இழைப்புளி:
அப்படியானால் மரம் உப்பியது மட்டும் காரணமில்லை, மேல் கீல் தளர்ந்து கதவு தொங்குகிறது. உப்பியிருந்தால் பூட்டுப் பக்கம் நெடுகவே உரசும். இழைத்துவிடாதீர்கள். கதவைத் திறந்து, நுனிக்கு அடியில் மடித்த செய்தித்தாளைத் திணித்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேல் கீலின் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். வெறுமனே சுற்றுகிற ஓட்டையில் ஃபெவிகால் தோய்த்த மூங்கில் குச்சிகளை இறுக்கமாகத் திணித்து, மட்டத்துக்கு நறுக்கி, ஒரு மணி நேரம் விட்டு, அதே ஸ்க்ரூவை ஏற்றலாம். அப்படியும் லேசாக உரசினால் அந்த இடத்தில் மெழுகுவத்தி தேயுங்கள். இப்போது இழைத்தால் பங்குனி வெயிலில் விரல் நுழையும் சந்து விழும். கதவு ஈரம் போய் நன்றாகக் காய்ந்த பிறகு, அதன் அடிப்பக்க விளிம்பில் பெயிண்ட் இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாது என்று பெயிண்டர்கள் விட்டுவிடும் இடம் அது, ஈரம் ஏறுவதும் அதன் வழியாகத்தான்.

மாடிப்படி:
நன்றி. குழாய் சரியானதா என்று எவ்வளவு நேரத்தில் தெரியும்?

நட்டுபோல்ட்டு:
துடைச்சு காயவெச்சு, ஃபிளேஞ்சுக்குக் கீழே செய்தித்தாளை ஒட்டி வெச்சிட்டு வால்வைத் திறங்க. ஒரு மணி நேரம் தாள் நனையலன்னா சுரண்டுற வேலைக்குப் போகலாம்.