11 செகண்ட் கிளிப்புக்கு காப்பிரைட் ஸ்டிரைக்: எதிர்த்துப் போடலாமா, கம்முனு இருக்கணுமா?

வடசென்னை_வாய்க்கால்:
வணக்கம் மக்களே. சின்னதா ஒரு யூடியூப் சேனல் வெச்சிருக்கேன், எங்க ஏரியா குப்பை, ரோடு, தெருவிளக்கு இதான் கன்டென்ட், பாக்கறதும் அக்கம்பக்கத்து ஆளுங்கதான். எங்க தெரு மழைநீர் வடிகால் பத்தி ஒரு வீடியோ போட்டேன். வேலை முடிஞ்சுதுன்னு போர்டு வெச்சு விழாவும் நடத்திட்டாங்க, ஆனா மூடியத் தூக்கிப் பாத்தா உள்ள சென்ட்ரிங் பலகை கழட்டாம அப்டியே கிடக்கு, ஒரு இடத்துல சிமென்ட் சாக்கு அடைச்சு நிக்குது, முனைல மெயின் கால்வாயோட சேர்க்கவே இல்ல, சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குது. டேப் விட்டு ஆழம் அளந்து காட்டினேன். நடுவுல அந்த விழால ஏரியா பெரும்புள்ளி ஒருத்தர் இனிமே இந்தத் தெருவுல ஒரு சொட்டுத் தண்ணி நிக்காதுன்னு மைக்ல முழங்கினத 11 செகண்ட் சேத்தேன். அவ்ளோதான், பாட்டு கூட போடல.

ரெண்டு மூணு நாள்ல வீடியோ காலி. விழாவ ஷூட் பண்ண கம்பெனி காப்பிரைட் ஸ்டிரைக் (எங்க வீடியோவ அனுமதி இல்லாம எடுத்துட்டான்னு யூடியூப்ல புகார்) அடிச்சிருக்கு. மெயில் போட்டு கேட்டா லைசென்ஸ் ஃபீஸ்னு நாப்பதாயிரம் கட்டு, இல்ல இனிமே இந்த வீடியோவ எங்கயும் போட மாட்டேன்னு எழுதிக் குடுன்றாங்க. வடிகால் வீடியோ வரக்கூடாதுன்றதுதான் மேட்டர்னு எல்கேஜி புள்ளைக்கும் புரியும்.

புகார மறுத்து கவுன்டர் நோட்டீஸ் போடலாம்னு போனா பேரு, வீட்டு அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் கேக்குது, அதெல்லாம் புகார் குடுத்தவனுக்கே போகுமாம். வீட்ல அம்மா பகல் பூரா தனியா இருக்காங்க. கான்ட்ராக்டர் ஆளுங்க எப்படிப்பட்டவங்கன்னு எங்க ஏரியால கேட்டா சொல்லுவாங்க. என்ன பண்ணலாம்? அப்புறம் இந்த காப்பிரைட் சட்டம்லாம் யாருக்குத்தான்பா எழுதினாங்க?

பாரிஸ்கார்னர்_ஜூனியர்:
தம்பி, நான் ஹைகோர்ட்ல ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கேன், பொதுவா சொல்றேன், கேஸ்னு வந்தா நேர்ல யாரையாவது பாத்துக்க. 1957 காப்பிரைட் சட்டத்துல 52(1)(a) இருக்கு, விமர்சனத்துக்கும் நடப்பு விஷயங்களைச் செய்தியா சொல்றதுக்கும் நியாயமான அளவு எடுத்துக்கலாம், பொது இடத்துல பேசின பேச்ச செய்தியாக்குறதும் அதுல வருது. உன் 11 செகண்ட் அதுக்குள்ள உக்காரும்னுதான் எனக்குப் படுது. ஆனா யூடியூப் நம்ம செக்ஷன் 52-ஐ பாத்து முடிவு பண்றதில்ல, அமெரிக்க காப்பிரைட் சட்டமான டிஎம்சிஏ முறைல ஃபாரம் ஒழுங்கா நிரப்பியிருக்கானான்னு பாக்கும், தூக்கிடும். முதல் ஸ்டிரைக்குக்கு கொஞ்ச நாள் அப்லோட் லாக் ஆகலாம், 90 நாள்ல தானா போயிடும், அதுக்குள்ள மூணு சேந்தா சேனலே போச்சு. நம்ம ஊர் ரூல்ஸ் 2013-ல ரூல் 75-ம் கிட்டத்தட்ட இதே கதைதான், புகார் வந்தா 36 மணி நேரத்துல இறக்கணும், 21 நாள்ல கோர்ட் ஆர்டர் வரலைன்னா திரும்ப ஏத்தலாம். மூணு வாரம் கழிச்சு மழை வீடியோ வந்து என்ன பிரயோஜனம், அதுக்குள்ள பில் பாஸாகி காசும் போயிருக்கும்.

அட்ரஸ் விஷயம்: கவுன்டர் நோட்டீஸ நீயே போடணும்னு இல்ல, வக்கீல் உன் சார்பா போடலாம். அப்புறம் செக்ஷன் 60-னு ஒண்ணு இருக்கு, ஆதாரமே இல்லாம காப்பிரைட் கேஸ் போடுவேன்னு மிரட்டினா மிரட்டினவன் மேல நாமளே சூட் போட்டு நஷ்டஈடு கேக்கலாம். யாரும் தொடாத செக்ஷன். அவன் உடனே நெஜமாவே கேஸ் போட்டுட்டான்னா அது செல்லாது, அது வேற.

சும்மா_ஒருத்தன்:
யாருக்கு எழுதினாங்கன்னு கேட்டீங்கல்ல, நான் சொல்றேன். பர்மா பஜார்ல திருட்டு விசிடி வித்தவன் ஞாபகம் இருக்கா? 2004-ல நம்ம குண்டர் சட்டத்துல வீடியோ பைரேட்னு தனியா சேத்தாங்க. சாராயம் காய்ச்சுறவன், ரவுடி, நில அபகரிப்பு, அந்த வரிசைல முப்பது ரூபா டிஸ்க் விக்கிறவன். விசாரணையே இல்லாம ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம். சினிமாக்காரன் நஷ்டம் எனக்குப் புரியாம இல்ல, ஆனா வடிகால்ல பலகைய விட்டுட்டு பில் போட்டவன எந்தச் சட்டத்துல இவ்ளோ வேகமா தூக்குவாங்க சொல்லுங்க. 2018-ல ஊழல் தடுப்புச் சட்டத்துல 17A-னு சேத்தாங்க, அதிகாரி எடுத்த முடிவு மேல விசாரணைய ஆரம்பிக்கறதுக்கே மேலிடத்து அனுமதி வாங்கணும். டிஸ்க் வித்தவனுக்கு எவன் அனுமதி கேட்டான்?

தேர்தல் பத்திரத்த எடுத்துக்கங்க. 2018-ல இருந்து எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்குக் குடுத்துச்சுன்னு நமக்குத் தெரியக்கூடாதுன்னே சட்டம். 2024 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ண அப்புறம்தான் லிஸ்ட் வந்துச்சு. வாங்கினதுல முதலிடம் ஃபியூச்சர் கேமிங், கோயம்புத்தூர் லாட்டரி அதிபர் கம்பெனி, 1,368 கோடி. தமிழ்நாட்டுல லாட்டரி 2003-லயே தடை, ஆனா அந்தக் காசு நம்ம ஊர் கட்சிக்கும் வந்திருக்கு, வெளியூர் கட்சிக்கும் போயிருக்கு. அப்போ அது சட்டப்படி சரியாம். 11 செகண்ட் கிளிப் மட்டும் குத்தம்.

மைக்செட்_மணி:
கைதட்டல்லாம் இருக்கட்டும், ஒரு நிமிஷம். காப்பிரைட்டே பித்தலாட்டம்ன்ற மாதிரி பேச்சு போகுது, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நான் வடபழனில ஒரு ஸ்டூடியோல ரெக்கார்டிங் வேலை பாக்கறேன். பாட்டு எழுதறவன் ஒரு தொகைய வாங்கிட்டு எல்லா உரிமையும் குடுத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டு போயிடுவான், பாட்டு இருபது வருஷம் ரிங்டோனா ஓடும், அவன் மாம்பலத்துல வாடகை பாக்கி. 2012 திருத்தத்துலதான் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டில பங்கு கேக்கற உரிமைய எழுதி வித்துட முடியாதுன்னு வந்துச்சு. சட்டம் இல்லேன்னா அதுவும் இல்ல.

ஆனா வசூல் பண்ண கிளம்பினவங்க ஆட்டமும் தாங்கல, அதையும் ஒத்துக்கறேன். கல்யாண மண்டபத்துல நாதஸ்வரம் முடிஞ்சு ஸ்பீக்கர்ல நாலு பாட்டு போட்டா லைசென்ஸ் எங்கன்னு வந்து நின்னாங்க. கல்யாணத்துல பாட்டு போடறது செக்ஷன் 52-லயே விலக்கு, அத 2023-ல மத்திய அரசே தனியா நோட்டீஸ் விட்டு சொல்ல வேண்டியதாச்சு.

தாகூர் விஷயம் தெரியுமா? அவர் இறந்தது 1941, அப்போ 50 வருஷக் கணக்கு, 1991 கடைசில உரிமை முடிய இருந்துச்சு, அதுக்குள்ள சட்டத்தையே 60 வருஷமாக்கிட்டாங்க. இங்க பாரதியார் பாட்ட அரசாங்கமே வாங்கி மக்களுக்குன்னு விட்டுச்சு, அப்புறம் எத்தனையோ பேர் எழுத்த நாட்டுடைமை ஆக்கி குடும்பத்துக்குப் பணமும் குடுத்தாங்க. எழுதினவன் வீட்டுக்கும் காசு, படிக்கறவனுக்கும் புக்கு. இத ஏன் யாரும் பெருசா பேச மாட்டேங்கறாங்கன்னு எனக்குப் புரியல.

அடையார்_ஆந்தை:
ஸ்டிரைக்காவது பரவால்ல, யார் அடிச்சாங்கன்னு தெரியுது. ஐடி சட்டம் 69A-ல மத்திய அரசு ஒரு சைட்ட பிளாக் பண்ணா காரணமே ரகசியம், 2009 ரூல்ஸ்ல ரூல் 16 அப்படித்தான் சொல்லுது. 2025 பிப்ரவரில விகடன் சைட் திறக்கல, ஞாபகம் இருக்கும். பிரதமர் கைவிலங்கோட ட்ரம்ப் பக்கத்துல உக்காந்திருக்கற கார்ட்டூன். ஒரு படத்துக்காக மொத்த சைட்டும் போச்சு. மார்ச்ல சென்னை ஹைகோர்ட் திறக்கச் சொன்னுச்சு, ஆனா கார்ட்டூன இப்போதைக்கு எடுத்துடணும்னு கண்டிஷன். டெல்லிய மட்டும் திட்டிட்டு போயிடாதீங்க, 1987-ல எம்ஜிஆர் ஆட்சில அதே விகடன் ஆசிரியர ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக நம்ம சட்டசபையே ஜெயிலுக்கு அனுப்புச்சு, ஊரே கத்தினதுல ரெண்டே நாள்ல விட்டாங்க. அப்போ நெட்டே கிடையாது.

கோர்ட்டயும் கோயிலா கும்பிடாதீங்க. 2012-ல ஒரு தமிழ்ப்படத்துக்காக இங்க வாங்கின ஜான் டோ ஆர்டர (பேர் தெரியாதவங்க மேலயும் வாங்கற தடை) வெச்சு விமியோன்ற வீடியோ சைட்டயே பிளாக் பண்ணிட்டாங்க, குறிப்பிட்ட லிங்க மட்டும் தடுங்கன்னு கோர்ட் அப்புறமா திருத்திச்சு. 2017-ல அதே மாதிரி ஆர்டர்ல இன்டர்நெட் ஆர்கைவ் போச்சு. பழைய தமிழ் புக் ஸ்கேன்லாம் அங்கதான் தேடுவேன்.

பாரிஸ்கார்னர்_ஜூனியர்:
நைட்டு திரும்ப யோசிச்சேன், ஒரு விஷயம் மாட்டுச்சு. அந்த கம்பெனிக்கு அந்த வீடியோ மேல உரிமையே இருக்கா? செக்ஷன் 17(b) படி காசு குடுத்து ஒருத்தர் படம் எடுக்கச் சொன்னா, வேற ஒப்பந்தம் இல்லேன்னா உரிமை காசு குடுத்தவருக்குத்தான், கேமராக்காரனுக்கு இல்ல. பொதுக்கூட்டத்துல பேசின பேச்சு பேசினவருக்கு, அது 17(cc). அப்போ விழாவுக்கு மாநகராட்சி பில் கட்டியிருந்தா உரிமை அங்க போகுது. கான்ட்ராக்டர் கட்டியிருந்தா, வேலைய செக் பண்ண வேண்டியவங்க விழாவுக்கு வேலை செஞ்சவன் ஏன் செலவு பண்ணான்? எப்படிப் பாத்தாலும் அவங்க அந்த பில்ல காட்டணும். காட்டச் சொல்லி மெயில் போடு.

அதோட ஆர்டிஐ ஒண்ணு, பத்து ரூபா. விழாச் செலவு வவுச்சர், அந்த வடிகால் எஸ்டிமேட், எம்-புக் (முடிஞ்ச வேலைய அளந்து எழுதற புத்தகம்) நகல், மூணையும் கேளு. எம்-புக்ல ஏ.இ. (உதவிப் பொறியாளர்) என்ன ஆழம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார்னு பாரு, உன் டேப் அளவ பக்கத்துல வை. 2023 தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல 44(3) வழியா, பர்சனல் தகவல மறுக்க விடற ஆர்டிஐ 8(1)(j)-ய திருத்திட்டாங்க, பேரு இருக்கற எந்தப் பேப்பரையும் பர்சனல் தகவல்னு மறுக்கப் பாப்பாங்க. அதனால ஆளப் பத்தி கேக்காத, அளவப் பத்தி கேளு, அப்பீல்ல 8(2) பொதுநலன் எழுது. ஆர்டிஐ மனுவுல அட்ரஸுக்கு போஸ்ட் பாக்ஸ் நம்பர் போதும்னு 2013-லயே கல்கத்தா ஹைகோர்ட் சொல்லியிருக்கு.

வடசென்னை_வாய்க்கால்:
அண்ணே, கோடி நன்றி. விழா ஷூட்டுக்கு பில் கட்டினது யாரு, ஒரு காப்பி அனுப்புங்கன்னு ரெண்டே வரில மெயில் தட்டிட்டேன். இதுக்கு முன்னாடி அர்த்தராத்திரில கூட பத்து நிமிஷத்துல ரிப்ளை பண்ண ஆளுங்க, இதுக்கு இன்னும் வாயத் திறக்கல. ஸ்டிரைக் அப்படியேதான் இருக்கு, கவுன்டர் வக்கீல் மூலமாவே போடறேன், ஃபீஸ் எவ்ளோ ஆகும்னு இன்பாக்ஸ்ல சொல்லுங்க. லாக் முடிஞ்சதும் அந்தப் பேச்சு இல்லாம பலகையும் சாக்கும் மட்டும் வெச்சு வீடியோவ திரும்ப ஏத்தறேன்.

ஒரு டவுட்டு: எம்-புக் நகல மாநகராட்சி மண்டல ஆபீஸ்ல கேக்கணுமா, ரிப்பன் பில்டிங்லயா?

பாரிஸ்கார்னர்_ஜூனியர்:
மண்டல ஆபீஸ். தப்பான இடத்துக்குப் போட்டாலும் அஞ்சு நாள்ல அவங்களே சரியான இடத்துக்கு மாத்தி அனுப்பணும், 6(3). ஸ்பீட் போஸ்ட்ல போட்டு ரசீத பத்திரமா வெச்சுக்க, நேர்ல போகாத.