கல்லூரியின் புதிய உள்விளையாட்டரங்கத்தை எந்த இடத்தில் கட்டுவது?

கேள்வி

வணக்கம். எங்கள் கல்லூரிக்கு 5,000 பேர் அமரக்கூடிய உள்விளையாட்டரங்கம் ஒன்றைக் கட்டுவதென்று முடிவாகியிருக்கிறது. அதற்கான இடத்தைப் பரிந்துரைக்கும் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். நான் கணிதம் கற்பிப்பவன். கட்டுமானமும் நகரமைப்பும் எனக்குப் பழக்கமில்லாத துறைகள் என்பதால், விவரம் அறிந்தவர்களின் கருத்தை நாடி இங்கே எழுதுகிறேன்.

எங்கள் முன் மூன்று இடங்கள் இருக்கின்றன. முதலாவது, வளாகத்திற்குள்ளேயே உள்ள 4 ஏக்கர் திறந்தவெளி மைதானம். அது சற்றுத் தாழ்வான இடம். கனமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாட்கள் தண்ணீர் தேங்கி நிற்கும். இரண்டாவது, நகரின் நடுவே ரயில் நிலையத்திற்கு அருகில், பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் ஆலைக்குச் சொந்தமான 6 ஏக்கர் நிலம். அதற்குச் செல்ல 6 மீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு தெருதான் உண்டு, எதிர்ப்புறம் முழுவதும் குடியிருப்பு. மூன்றாவது, புறவழிச்சாலையில் வளாகத்திலிருந்து 7 கிலோமீட்டர் தொலைவில், முன்னாள் மாணவர் ஒருவர் தானமாகத் தர முன்வந்திருக்கும் 20 ஏக்கர் சமதளம்.

குழுவில் பெரும்பாலோர் மூன்றாவது இடத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். நிலம் இலவசம், பரப்பு தாராளம், ஆட்சேபிக்க அண்டை வீட்டார் இல்லை என்பது அவர்களுடைய வாதம். காகிதத்தில் பார்க்கும்போது எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஆனாலும் மனம் முழுமையாக ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதை என்னால் எடுத்துச் சொல்ல இயலவில்லை. இடத்தேர்வில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

பதில் 1 – போக்குவரத்துத் திட்டமிடலில் பணியாற்றுபவர்

ஐயா, உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த 20 ஏக்கர் எதற்குச் செலவாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கார் நிற்பதற்கும் உள்ளே வந்து திரும்பிச் செல்வதற்கும் சேர்த்து ஏறத்தாழ 25 சதுர மீட்டர் தேவைப்படும். நடந்து வரவும் ரயிலில் வரவும் வழியில்லாத இடத்தில், மூன்று பேருக்கு ஒரு கார் என்று மிதமாக வைத்துக்கொண்டாலும் 5,000 பேருக்கு 1,667 கார்கள் வரும். அவற்றுக்கு 4 ஹெக்டேருக்கும் மேல், அதாவது 10 ஏக்கருக்கும் அதிகமான இடம் வேண்டும். அரங்கக் கட்டடமோ, உங்கள் அளவுக்கு, ஏறத்தாழ 100 மீட்டர் நீளமும் 80 மீட்டர் அகலமுமாக 2 ஏக்கருக்குள் அடங்கிவிடும். ஆக, தானமாக வரும் நிலத்தில் பாதி, விளையாட்டுக்குப் பயன்படாமல் வாகனம் நிறுத்தவே போய்விடும். அதைச் சமன்படுத்தி, தளமிட்டு, மழைநீர் வடிகாலும் விளக்கும் அமைக்கும் செலவு கல்லூரியின் தலையில்தான் விழும். குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தீயணைப்புக்கான நீர்த்தேக்கம் ஆகியவற்றை அங்கே கொண்டுசேர்ப்பவர் யார் என்பதும் தானப்பத்திரத்தில் இருக்காது.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது போட்டி முடிந்த பிறகு வரும் அரை மணி நேரம். ரசிகர்கள் இரண்டு மணி நேரத்தில் சிறுகச் சிறுக வந்து சேர்வார்கள், ஆனால் வெளியேறும்போது எல்லோரும் ஒரே சமயத்தில் எழுவார்கள். பிரிட்டனில் விளையாட்டரங்குகளுக்குப் பின்பற்றப்படும் பாதுகாப்பு வழிகாட்டியின்படி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிடத்திற்கு 82 பேரும், படிக்கட்டில் 66 பேரும் செல்லலாம். பார்வையாளர் பகுதியிலிருந்து எல்லோரும் 8 நிமிடத்திற்குள் வெளியேறிவிட வேண்டும். அப்படியானால் 5,000 பேருக்கு மொத்தம் 7.6 மீட்டர் அகலமுள்ள வாயில்கள் தேவை. படிக்கட்டு வழியாகத்தான் இறங்க வேண்டுமென்றால் 9.5 மீட்டர். கட்டடத்திற்குள் இதைச் செய்துவிடுவது எளிது. கட்டடத்தைத் தாண்டிய தெருவில்தான் சிக்கல் தொடங்குகிறது. உங்கள் ஆலை நிலத்தின் 6 மீட்டர் தெருவில், ஒரு வாகனம்கூட இல்லாமல் முழு அகலத்திலும் மக்களே நடந்தாலும் எல்லோரும் வெளியேற 10 நிமிடங்களுக்கு மேலாகும். அந்த நேரத்தில் ஓர் ஆம்புலன்ஸ் எதிரே வர நேர்ந்தால் அதற்கு வழி கிடைக்காது. எனவே இரண்டாவது வழி ஒன்றைத் திறக்காமல் அந்த நிலத்தை ஏற்கவே கூடாது. ரயில் நிலையத்தின் பக்கமாக நடைபாதை ஒன்றைத் திறக்க முடிந்தால், மூன்று இடங்களிலும் அதுவே முதன்மையானது என்பது என் கருத்து.

ரயில் நிலையத்தை ஒட்டிக் கட்டுவதாக இருந்தால் இன்னொன்றையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்: நிலையத்தின் எதிர்கால விரிவாக்கத்திற்கு அந்த நிலம் தேவைப்படுமா? நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தின் மேலேயே 1968-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கைக் கட்டினார்கள். வந்து போக அதைவிட வசதியான இடம் கிடையாது. ஆனால் கீழே உள்ள நிலையத்தைச் சீர்படுத்த முயலும்போதெல்லாம் அரங்கம் குறுக்கே நிற்கிறது. அதன் அனுமதியை நகர மன்றம் 2013-இல் 10 ஆண்டுகளுக்கும், 2023-இல் வெறும் 5 ஆண்டுகளுக்கும் மட்டுமே நீட்டித்தது.

பதில் 2 – ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர்

முந்தைய பதிலில் உள்ள கணக்குகள் எல்லாம் போட்டி நடக்கும் இரவைப் பற்றியவை. ஆண்டில் அப்படிப்பட்ட இரவுகள் எத்தனை வரும்? மிஞ்சிய நாட்களில், காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் யாருக்காகக் காத்திருந்தேனோ அந்த மாணவர்களைப் பற்றி யாராவது பேச வேண்டும். காலைப் பயிற்சி முடித்துக் குளித்து ஒன்பது மணி வகுப்பில் உட்கார வேண்டிய பெண்ணுக்கு 7 கிலோமீட்டர் என்பது முடியாத தூரம். அவள் ஒரு வாரம் வருவாள், இரண்டாவது வாரம் பேருந்தைத் தவறவிடுவாள், மூன்றாவது வாரம் பெயரை எடுத்துவிடச் சொல்வாள். மாலையில் இருட்டிய பிறகு புறவழிச்சாலையிலிருந்து தனியே திரும்ப எந்தப் பெற்றோரும் சம்மதிக்க மாட்டார்கள்.

வளாக மைதானத்தில் கட்டுவதையும் நான் எதிர்க்கிறேன். அணியில் இடம் கிடைக்காதவர்களும் விளையாடுகிற இடம் அது. அதை எடுத்துக்கொண்டு அரங்கம் கட்டினால், விளையாடுகிறவர்கள் குறைந்து பார்க்கிறவர்கள் பெருகுவார்கள்.

தண்ணீர் தேங்கும் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பழைய நினைவு வந்துவிட்டது. நான் பணியாற்றிய கல்லூரிகளில் ஒன்றில், பள்ளமான இடத்தில் அரங்கம் கட்டி, நல்ல மேப்பிள் மரத்தில் தளம் போட்டிருந்தார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் பலகைகள் அடியிலிருந்து ஈரத்தை இழுத்து, ஒவ்வொன்றும் ஓரம் உயர்ந்து நடு குழிந்து, உள்ளங்கையை வைத்துத் தடவினால் ஓட்டு வரிசையைத் தடவுவது போல் இருந்தது. பந்தைத் தட்டினால் ஓரிடத்தில் எழும்பும், இன்னோரிடத்தில் செத்து விழும். கணுக்கால் பிசகிய ஒரு பையனை நானே தூக்கிக்கொண்டு போனேன். தளத்தை மாற்றினார்கள், மூன்று ஆண்டுகளில் மறுபடியும் அதே கதை. குற்றம் மரத்தில் இல்லை, நிலத்தில் இருந்தது.

இன்னொரு வேண்டுகோள். எந்த இடமானாலும், தளத்தை அகலமாகக் கேளுங்கள். இருக்கைகளை மடக்கிச் சுவரோரம் தள்ளிவிட்டால் 50 மீட்டர் நீளமும் 34 மீட்டர் அகலமும் கிடைக்கும்படி அமைந்தால், அதன் நீளவாக்கில் 40க்கு 20 மீட்டர் அளவுள்ள ஹேண்ட்பால் திடல் ஒன்று இடைவெளியோடு அடங்கும். பயிற்சி நேரத்தில் குறுக்குவாக்கில் இரண்டு கூடைப்பந்துத் திடல்களோ, மூன்று வாலிபால் திடல்களோ போடலாம். குறுகலான நிலத்தில் இந்த அகலத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

பதில் 3 – அரங்கம் ஒன்றின் எதிரே குடியிருப்பவர்

நகர நடுவே கட்டுவதை நானும் ஆதரிக்கிறேன், ஆனால் எதிர்ப்புறம் வசிப்பவர்களைக் கலந்து பேசாமல் வரைபடத்தை முடித்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் ரசிகர்களின் ஆரவாரம் ஒருபோதும் தொந்தரவாக இருந்ததில்லை. அது பத்து மணிக்கு அடங்கிவிடும். எங்கள் உறக்கத்தைக் கெடுப்பது சரக்கு ஏற்றி இறக்கும் வாயில். அதை வீடுகளைப் பார்த்தபடி அமைத்துவிட்டார்கள். நள்ளிரவில் லாரி பின்னோக்கி வரும்போது எழும் கீச்சொலியும், இரும்புத் தடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக எறியும் சத்தமும், ஜெனரேட்டரின் உறுமலும் படுக்கையறைக்குள்ளேயே கேட்கின்றன. அந்த வாயிலைக் கட்டடத்தின் மறுபக்கத்தில் வைத்திருந்தால் கட்டடமே எங்களுக்கு மதிலாக இருந்திருக்கும். உங்கள் நிலத்தில் ஒருபுறம் தண்டவாளம் இருப்பதால் லாரிகளையும் இயந்திர அறையையும் அந்தப் பக்கம் ஒதுக்குவது எளிது. அதை இப்போதே எழுத்தில் உறுதி செய்துவிட்டால் பாதி எதிர்ப்பு கரைந்துவிடும்.

பதில் 4 – கட்டமைப்புப் பொறியாளர்

மூன்று நண்பர்களும் ஆலை நிலத்தைப் பரிந்துரைத்திருக்கிறார்கள், அல்லது அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். அந்த நிலத்தில் துளையிட்டுப் பார்க்காமல் அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய ஆலை நிலம் என்றால் அடியில் எண்ணெய்த் தொட்டி, சாயக்கழிவு, கன உலோகம் கலந்த மண், கைவிடப்பட்ட அடித்தளங்கள் என எது வேண்டுமானாலும் இருக்கலாம். முதலில் ஆலையில் என்ன தொழில் நடந்தது, எந்த மூலையில் என்ன சேமித்தார்கள் என்ற பழைய வரைபடங்களைத் தேடி, அங்கே வேலை பார்த்தவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களிடம் கேட்டு, அதன் பிறகு துளையிட வேண்டிய புள்ளிகளைக் குறியுங்கள். நடுத்தூண் இல்லாமல் நீண்ட தூரம் தாண்டும் கூரையின் எடை முழுவதும் சுற்றியுள்ள சில தூண்களின் வழியாகவே இறங்குவதால், அந்தத் தூண்கள் நிற்கும் புள்ளிகளில் மண் ஒரே தன்மையோடு இருக்கிறதா என்பது மிகவும் முக்கியம். ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் நிரப்பிய மண்ணுமாக இருந்தால் கட்டடம் சீரற்று அமரும்.

கட்டடத்தின் உயரத்தைக் குறைக்கத் தளத்தை நிலத்திற்குள் இறக்கலாமே என்று உங்கள் குழுவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். நல்ல யோசனைதான்: அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் 1966-இல் திறந்த அரங்கில் முதலில் கூரையை அமைத்து, பிறகு அதன் அடியில் மண்ணைத் தோண்டி, தெரு மட்டத்திலிருந்து 37 அடி கீழே ஆடுதளத்தை வைத்தார்கள். ‘குழி’ என்றே அதற்குப் பெயர். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டடம் தாழ்வாகத் தெரியும், மக்கள் தெரு மட்டத்தில் நுழைந்து கீழ்நோக்கி இருக்கைகளுக்கு இறங்குவார்கள். ஆனால் அது வறண்ட உயர்நிலப் பகுதி. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் அதே குழி, காலமெல்லாம் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டிய கிணறாகிவிடும். ஆகவே நீர்மட்டத்தைக் கோடையில் அளந்து திருப்தி அடையாமல், மழைக்காலத்தின் இறுதியில் அளக்க வேண்டும்.

உடற்கல்வி இயக்குநர் ஐயாவுடன் ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பள்ளமான நிலம் என்பதாலேயே அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தளத்தை உயர்த்தி, அடியில் ஈரத்தடுப்புப் படலமும் காற்றோட்டமும் தந்தால் மரத்தளம் நிலைக்கும். அவர் சொன்ன கட்டடத்தில் அதைச் செய்யவில்லை என்றே ஊகிக்கிறேன். ஆனால் உங்கள் மைதானத்தில் இப்போது தேங்கும் தண்ணீர் கட்டடம் வந்த பிறகும் எங்காவது போயாக வேண்டும்; அது விடுதிப் பக்கமாகப் போகுமானால் தளம் நிலைத்தும் பயனில்லை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்ததை உடற்கல்வி இயக்குநர் ஐயா சொல்லிவிட்டார். 7 கிலோமீட்டரை நாங்கள் பார்வையாளரின் தூரமாகவே கணக்கிட்டிருந்தோம். விளையாடுபவரின் தூரமாக யாரும் கணக்கிடவில்லை.

நேற்று மாலை ஏழு மணிக்கு, வளாக வாயிலிலிருந்து ஆலை நிலத்திற்கு மாணவிகள் இருவரையும் குழு உறுப்பினர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு நடந்து பார்த்தேன். 19 நிமிடங்கள் ஆயின. வழியில் இரண்டு இடங்களில் விளக்கில்லை. ஒரு சந்திப்பில் சாலையைக் கடக்க நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. மற்றபடி தயக்கமில்லாமல் நடக்கக்கூடிய வழிதான் என்று மாணவிகள் சொன்னார்கள். ஆலைச் சுவரின் பின்புறம், தண்டவாளத்தை ஒட்டி, பழைய சரக்கு வாயில் ஒன்று துருப்பிடித்துப் பூட்டிக் கிடக்கிறது. அதன் அகலத்தைக் காலடியால் அளந்தேன், ஏறத்தாழ 8 மீட்டர் வருகிறது. அதைத் திறக்க ரயில்வே நிர்வாகம் இசையுமா, விரிவாக்கத் திட்டம் ஏதும் உண்டா என்று கேட்டுக் கடிதம் எழுதும்படி அடுத்த கூட்டத்தில் முன்மொழியப் போகிறேன். மழைக்காலம் முடியும்வரை இறுதி முடிவை ஒத்திவைத்து, அதற்குள் துளையிட்டுப் பார்க்கவும் கேட்பேன்.

நிலத்தைத் தர முன்வந்த முன்னாள் மாணவரிடமும் பேசினேன். மாணவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதுதான் தம் விருப்பம் என்றும், அரங்கம் அங்கே வராவிட்டால் வருத்தப்பட மாட்டேன் என்றும் கூறினார். பதில் 3 எழுதியவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: குடியிருப்போரிடம் பேசச் செல்லும்போது வரைபடத்தோடு போவது நல்லதா, அல்லது வெறுங்கையோடு போய் முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்பதா?

பதில் 3 எழுதியவர்

வெறுங்கையோடு போங்கள், ஐயா. வரைபடத்தை விரித்தால், எல்லாம் முடிவான பிறகு வந்திருக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். ஓர் இரவு பத்து மணிக்கு அவர்களில் ஒருவருடைய மொட்டை மாடியில் நின்று, ஆலை நிலத்தை அவர்களோடு சேர்ந்து பாருங்கள். லாரி எந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்பதை அவர்களே கைநீட்டிக் காட்டிவிடுவார்கள்.