நெல் வகையா, மக்காச்சோள வகையா: படைப்புழுவை இனம் பிரித்த அனுபவங்கள்

பச்சைக்குருத்து:

புழுவின் படத்தைப் போட்டு "இது நெல் வகையா, மக்காச்சோள வகையா?" என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படைப்புழுவில் (ஸ்போடோப்டெரா ஃப்ரூஜிபெர்டா) மரபில் வேறுபட்ட இந்த இரண்டு வகை உண்டு, ஆனால் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வகைக்கும் தலையில் அதே தலைகீழ் ஒய் கோடு. வயிற்றின் எட்டாம் கணுவில் சதுரமாக அதே நான்கு கரும்புள்ளிகள். ஆண் அந்துப்பூச்சியின் முன்சிறகு நுனியில் அதே வெள்ளைத் திட்டு. சிறகு வடிவத்தை நூற்றுக்கணக்கில் அளந்தால் சராசரியில் சிறு வேறுபாடு தெரியலாம். கையில் இருக்கும் ஒரே பூச்சிக்கு அது உதவாது.

உருவம் உதவுவது அதற்கு முந்தின கேள்விக்குத்தான்: இது படைப்புழுதானா? இங்கேயே பலர் சறுக்குகிறார்கள். ஒய் கோட்டை மட்டும் நம்பக் கூடாது, காய்ப்புழுவுக்கும் மங்கலாக அப்படி ஒரு கோடு உண்டு. எட்டாம் கணுவின் சதுரத்தையும், மற்ற கணுக்களில் அதே நான்கு புள்ளிகள் சரிவகமாக நிற்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதல் இரண்டு பருவப் புழுவில் இவை தெளிவாக விழாது. மூன்றாம் பருவம் வரை வளர்த்துவிட்டுப் பார்ப்பதே நல்லது.

ஜெல்_பட்டை:

அண்ணன் சொன்னது சரி. இனி டிஎன்ஏ பக்கம் வருவோம். 1980களின் நடுவில் பூச்சியியலாளர் டோரதி பாஷ்லி நொதி வேறுபாடுகளை வைத்து இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டினார். இப்போது பெரும்பாலானோர் செய்வது மைட்டோகாண்ட்ரியாவின் சிஓ1 மரபணுவில் 569 காரம் (டிஎன்ஏ எழுத்து) நீளத் துண்டு ஒன்றைப் பிசிஆர் முறையில் பெருக்கி, எம்எஸ்பி-1 என்ற வெட்டு நொதியால் வெட்டுவது. மக்காச்சோள வகை என்றால் துண்டு 497, 72 என்று இரண்டாகும். நெல் வகையில் அந்த வெட்டிடமே இல்லை, 569 அப்படியே நிற்கும்.

தலைவலி இதில்தான் இருக்கிறது. "வெட்டுப்படவில்லை" என்பதே நெல் வகைக்கான விடை. நொதி செத்திருந்தாலும், உப்பு அதிகமாக இருந்தாலும், நொதி ஊற்ற மறந்திருந்தாலும் ஜெல்லில் அதே பட்டைதான் வரும். ஒரு தட்டு முழுக்க நெல் வகை என்று வந்தால் மகிழ்ச்சியோ பதற்றமோ வேண்டாம், முதலில் நொதியைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் மக்காச்சோள வகை என்று முன்பே உறுதியான மாதிரி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதே துண்டை சாக்-1 நொதியாலும் தனியாக வெட்டுங்கள். அது நெல் வகையைத்தான் வெட்டும். ஒரு நொதியில் வெட்டி மற்றதில் வெட்டாமல் நின்றால் முடிவை எழுதலாம். இரண்டிலும் வெட்டவில்லை என்றால் எழுதாதீர்கள், ஓட்டத்தைத் திரும்பச் செய்யுங்கள்.

அளவுகள்: 20 மைக்ரோலிட்டர் வினையில் சுத்திகரிக்காத பிசிஆர் கரைசல் 10 மைக்ரோலிட்டருக்கு மேல் போகக் கூடாது. நொதியின் கொள்ளளவு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதிலுள்ள கிளிசரால் சாக்-1ஐத் தடம் மாற்றி, வெட்டக் கூடாத இடத்தையும் வெட்ட வைக்கும். இரண்டு நொதிக்கும் 37 டிகிரி. 569க்கும் 497க்கும் இடைவெளி வெறும் 72 காரம், ஆகவே 2 சதவீத அகரோஸ் ஜெல்லில் பொறுமையாக ஓட்டுங்கள். அவசரமாக நிறுத்திய ஜெல்லில் இரண்டும் ஒரே பட்டையாகத் தெரியும். 72 காரத் துண்டு மங்கலாகத்தான் தெரியும், சில நேரம் தெரியவே தெரியாது. அது இல்லை என்பதற்காக முடிவை மாற்ற வேண்டாம்.

வெட்டாத பிசிஆர் கரைசலையும் பக்கத்துக் குழியில் ஓட்டுவது நல்ல பழக்கம். எது நகர்ந்தது, எது நகரவில்லை என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

விளக்குப்பொறி:

ஜெல்_பட்டை அவர்களே, ஒரே குழியில் 569, 497 இரண்டும் வருவதைச் சிலர் "கலப்பினம்" என்று குறித்து வைக்கிறார்கள். இதையும் சொல்லுங்கள்.

ஜெல்_பட்டை:

கலப்பினம் அல்லவே அல்ல. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டும் வருவது. கலப்புப் பூச்சியிலும் அம்மாவின் வகை ஒன்றுதான் தெரியும். இரண்டு பட்டையும் சேர்ந்து வந்தால் ஒன்று வெட்டு பாதியில் நின்றிருக்கிறது, இல்லையென்றால் இரண்டு பூச்சியின் டிஎன்ஏ கலந்திருக்கிறது. நேரத்தைக் கூட்டி மறுபடி வெட்டுங்கள். 569 பட்டை மறைந்தால் முதல் காரணம். மறையவில்லை என்றால் டிஎன்ஏ எடுப்பதிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

இசட்_குரோமோசோம்:

சிஓ1 மட்டும் செய்து நிறுத்துவதுதான் இந்தத் துறையின் பெரிய குழப்பத்துக்கே காரணம் என்பது என் உறுதியான கருத்து. 2016இல் ஆப்பிரிக்காவில் படைப்புழு கண்டறியப்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில், அதாவது ஆசியாவில் முதன்முறையாக, பதிவானது. இரண்டு கண்டத்திலும் மக்காச்சோளக் காட்டில் பிடித்த புழுக்களில் சிஓ1 நெல் வகை ஏராளமாக வந்தது. நெல்லுக்கு ஆபத்து என்று பேச்சு பரவியது. அதே புழுக்களில் உட்கருவிலுள்ள டிபிஐ மரபணுவைப் பார்த்தபோது அநேகமாக எல்லாமே மக்காச்சோள வகை! சேதமும் பெரும்பாலும் மக்காச்சோளத்தில்தான் தொடர்கிறது. எப்போதோ நடந்த கலப்பில் நெல் வகைத் தாயின் மைட்டோகாண்ட்ரியா தங்கிவிட்டது, உட்கரு மரபணுக்கள் மக்காச்சோள வகையினுடையவை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

டிபிஐ, பாலினக் குரோமோசோமான இசட்டில் இருக்கிறது. அதன் நான்காம் எக்சானில் (மரபணுவின் ஒரு பகுதி) 183ஆம் இடத்தின் டிஎன்ஏ எழுத்தைப் பாருங்கள். சி (சைட்டோசின்) என்றால் மக்காச்சோள வகை, டி (தைமின்) என்றால் நெல் வகை. அந்துப்பூச்சிகளில் ஆணுக்கு இசட் இரண்டு, பெண்ணுக்கு ஒன்றே ஒன்று. ஆகவே பெண்ணில் விடை ஒற்றையாக, தெளிவாக விழும். ஆணில் டிஎன்ஏ வரிசை வரைபடத்தில் சி, டி இரண்டும் ஒரே இடத்தில் இரட்டைச் சிகரமாக வந்தால் அதுதான் உண்மையான கலப்புக்கான அடையாளம். பெண்ணில் இரட்டைச் சிகரம் வந்தால் மாதிரி கெட்டுவிட்டது என்று முதலில் எண்ணுங்கள்.

அதனால் டிஎன்ஏ எடுக்கும் முன்பே பாலினத்தைக் குறித்துவிட வேண்டும். கூட்டுப்புழுவில் இனத்துவாரம் பெண்ணுக்கு வயிற்றின் எட்டாம் கணுவில், ஆணுக்கு ஒன்பதாம் கணுவில். அந்துப்பூச்சியில் பின்சிறகின் அடியிலுள்ள கொக்கி மயிர் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்குப் பல.

முடிவை ஒற்றைச் சொல்லில் எழுதாமல் "சிஓ1 நெல், டிபிஐ மக்காச்சோளம்" என்று இரண்டையும் எழுதுங்கள். மக்காச்சோள வகைக்குள்ளும் புளோரிடா, டெக்சாஸ் என்று பிரிவு உண்டு. எச்4, எச்2 என்ற சிஓ1 வடிவங்களின் விகிதத்தை வைத்துச் சொல்வார்கள். ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்தது எச்4 மிகுந்த புளோரிடா சாயல்.

விளக்குப்பொறி:

மாதிரி எடுப்பதைப் பற்றி நான் சேர்க்கிறேன். ஜெல்லில் தோற்பதில் பாதி வயலிலேயே தொடங்கிவிடுகிறது.

ஒரே செடியில் பத்துப் புழு எடுத்தால் அது பத்து மாதிரி ஆகாது. ஒரு முட்டைக்குவியலில் நூறு, இருநூறு முட்டை இருக்கும். அவ்வளவும் ஒரு தாய் மக்கள், மைட்டோகாண்ட்ரியா ஒன்றே. செடிக்கு ஒரு புழு, அடுத்ததைச் சில மீட்டர் தள்ளி எடுங்கள்.

இந்தப் புழு தன் இனத்தையே தின்னும். ஒரு டப்பாவில் இரண்டு போட்டால் ஒன்று மிஞ்சும், மிஞ்சியதன் குடலில் மற்றதன் டிஎன்ஏ இருக்கும். ஜெல்_பட்டை சொன்ன இரட்டைப் பட்டைக்கு இதுவும் ஒரு காரணம். டப்பாவுக்கு ஒன்றாகப் போடுங்கள். டிஎன்ஏவுக்குத் தலையை எடுங்கள், குடல் வேண்டாம். உள்ளே ஒட்டுண்ணிக் குளவியின் புழு இருந்தால், பொதுவான ப்ரைமர் (பெருக்கலைத் தொடங்கி வைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) போடும்போது குளவியின் சிஓ1 பெருகிவிடக்கூடும். அறுக்கும்போது வெள்ளையாக ஏதாவது நெளிந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள்.

95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போட்டு, மறுநாள் பழையதை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். புழுவின் உடல் நீர் எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும், டிஎன்ஏ சிதைவது அதனால்தான். பார்மலின் பக்கமே போக வேண்டாம்.

இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் மட்டும்தான் விழும், டிபிஐக்குத் தெளிவான விடை தரும் பெண் கிடைக்காது. மித்திம்னா லோரேயி என்ற வேறு அந்துப்பூச்சியும் அதே கவர்ச்சிக் குப்பிக்கு வந்து விழும், அதனால் எண்ணிக்கைக்கு முன் தரம் பிரியுங்கள். மழையில் நனைந்து நாள்பட்டுக் கிடந்த பூச்சியில் பிசிஆர் வராது.

பச்சைக்குருத்து:

மக்காச்சோள வகை முன்னிரவிலும் நெல் வகை பின்னிரவிலும் இணைசேரும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டுப் பொறியில் விழும் நேரத்தை வைத்து வகை சொல்ல முயல்கிறார்கள். செய்யாதீர்கள். நேரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும், கலப்பு வந்தபின் இன்னும் குழம்பும். எந்தப் பயிரில் பிடித்தோம் என்பதும் அப்படித்தான். குறிப்பில் எழுதுங்கள், முடிவாக எழுதாதீர்கள்.

இசட்_குரோமோசோம்:

ஆமாம். இன்னொன்று: அந்துப்பூச்சியில் ஒரு கால் போதும் டிஎன்ஏவுக்கு. மீதி உடலை அதே எண்ணிட்டுத் தனிக்குப்பியில் வையுங்கள். டிபிஐயும் சிஓ1உம் முரண்பட்டால் அதே பூச்சியிடம்தான் திரும்பப் போக வேண்டியிருக்கும். குப்பிக்குள் இடும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.