டிரில்லியம் ஜனவரி 1-இல் பூத்ததாகக் காட்டுகிறது, தேதியை எப்படிச் சரிசெய்வது?

பூந்தேடி:
அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் டிரில்லியம் கிராண்டிஃப்ளோரம் என்ற வெள்ளைப் பூச்செடி அந்தக் காலத்தில் எப்போது பூத்தது என்று பழைய ஹெர்பேரியம் தாள்களை (உலர்த்திய செடியை ஒட்டி, பறித்த விவரத்தை லேபிளில் எழுதிப் பாதுகாக்கும் தாள்கள்) வைத்துப் பார்க்கிறேன். உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஃப் (GBIF) தளத்திலிருந்து இந்தத் தாள்களின் பதிவுகளை இறக்கி எக்செல்லில் வரைபடம் போட்டால் மே மாதத்தில் ஒரு மேடு வருகிறது, அது சரி, ஆனால் ஜனவரி 1-இல் தனியாக ஒரு குச்சி நிற்கிறது. அப்போது அங்கே பனி மூடிக்கிடக்கும், செடி மண்ணுக்கடியில் கிழங்காகத்தான் இருக்கும். அந்த வரிசைகளை நீக்கிவிடலாமா? அப்புறம், 1900-க்கு முந்தைய தாள்கள் எதுவுமே வரைபடத்தில் வரவில்லை, எனக்கு முக்கியமே அவைதான். இரண்டு நாளாக மண்டை காய்கிறது, யாராவது சொல்லுங்கள்.

தாள்புரட்டி:
நீக்க வேண்டாம், தனியாக எடுத்து வையுங்கள். லேபிளில் "1911" என்று வருடம் மட்டும் இருந்தால், தேதிப் பெட்டியைக் காலியாக விட முடியாத பழைய மென்பொருள்களில் 1911-01-01 என்று போட்டுவிடுவார்கள். மாதம் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் 1-ஆம் தேதி, அதனால் மே 1-ஐயும் நம்பாதீர்கள். "வெர்பேட்டிம் ஈவென்ட் டேட்" என்ற பத்தியில் லேபிளில் எழுதியது எழுதியபடியே இருக்கும். அதுவும் காலி என்றால் தாளின் படத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள்.
1900 விஷயம் எக்செல்லின் கோளாறு. அதன் நாட்காட்டியே 1900-இல்தான் தொடங்குகிறது, அதற்கு முந்தைய தேதிகளை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வருடம், மாதம், நாள் மூன்றும் தனிப் பத்திகளாகவே கோப்பில் இருக்கின்றன, அவற்றை வைத்து வருடத்தின் எத்தனையாவது நாள் என்று கணக்குப் போடுங்கள்.

காட்டுவழி:
படத்தைத் திறக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள் தோழி. தாளில் இருப்பது பூவா காயா? தேதி என்பது செடியைப் பறித்த நாள், பூத்த நாள் அல்ல. உலர்ந்த வெள்ளை இதழ் தேநீர்க் கறைபோலப் பழுப்பாகிவிடும், ஆனாலும் மூன்று இலைக்கு மேலே மூன்று இதழும் தெரியும். ஜூலைத் தாளில் பெரும்பாலும் அந்த இடத்தில் காய்தான் இருக்கும். சேகரித்தவர் பெயரும் அவர் போட்ட எண்ணும் ஒன்றாக இருக்கும் வரிசைகளை ஒன்றாகவே எண்ணுங்கள், ஒரே இடத்தில் பறித்ததைப் பல தாள்களாக ஒட்டி வேறு வேறு ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவது வழக்கம்.

பூந்தேடி:
இருவருக்கும் மிக்க நன்றி, 1900-க்கு முந்தையவை வந்துவிட்டன! ஜனவரிக் குச்சியில் இருந்தவற்றில் நான் திறந்த முதல் தாளிலேயே லேபிளில் வருடம் மட்டும்தான். ஆனால் இன்னொன்றில் பென்சிலால் "டி7என் ஆர்9இ" என்று இருக்கிறது, இது தேதியா?

தாள்புரட்டி:
தேதி இல்லை, இடம். நில அளவைக் கட்டம், ஒவ்வொன்றும் 6 மைலுக்கு 6 மைல். விஸ்கான்சினில் அந்தக் கட்டம் மேடிசன் நகரம் இருக்கும் பகுதி. அதை அழிக்காமல் தனிப் பத்தியில் ஏற்றுங்கள்.