பழைய லேப்டாப்பில் எடிட்டிங்: திக்கித் திக்கி ஓடும் வீடியோவை எப்படிச் சமாளித்தீர்கள்?

அணைக்கட்டு காளை:

தை பிறந்தால் எங்கள் பக்கம் எருது விடும் விழாதான். ஊர் ஊராகப் போய் எடுத்து யூடியூபில் போடுகிறோம். அவிழ்த்து விட்ட இடத்திலிருந்து எல்லைக் கோடு வரை மாடு ஓடுவது சில நொடிகள்தான், குறைந்த நேரத்துக்குத்தான் பரிசு. அதனால் போனில் 4கே, நொடிக்கு 60 பிரேம் (படம்) வைத்தே எடுக்கிறோம். என் லேப்டாப் ஐ3, 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ரிசால்வ் என்ற எடிட்டிங் சாப்ட்வேரில் போட்டு ஓட்டினால் மாடு ஓடுவதில்லை, இங்கே ஒரு தரம் அங்கே ஒரு தரம் தெரிகிறது. கோட்டைத் தொட்ட பிரேமில் நிறுத்தவே முடியவில்லை. மாட்டுக்காரர்களோ 'எங்க மாடு கோட்டைத் தொடறது தெளிவா தெரியணும்' என்று போன் மேல் போன். புதுசு வாங்க இப்போது வழியில்லை. இப்படி மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் ஸ்டுடியோ:

தம்பி, 4கே 60 என்றால் 1080 (ஃபுல் எச்டி), 30 பிரேமைவிட நொடிக்கு எட்டு மடங்கு புள்ளிகள் (பிக்சல்). போன் கேமராவில் 'ஹை எஃபிஷியன்சி' என்று இருந்தால் அது எச்.265, வீடியோவைச் சுருக்கி வைக்கும் ஒரு முறை. இடம் குறைவாகப் பிடிக்கும், ஆனால் பிரித்துக் காட்டச் சிப்புக்கு வேலை அதிகம். அதில் எல்லாப் பிரேமும் முழுப் படம் இல்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம் வரும், நடுவில் இருப்பவை எல்லாம் எது மாறியது என்ற குறிப்புகள்தான். ஒரு பிரேம் பின்னால் போங்கள் என்றால்கூட, முந்தைய முழுப் படத்துக்குப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். நேராக ஓட்டும்போது பரவாயில்லாமல் இருந்து, கோட்டுக்குப் பக்கத்தில் முன்னும் பின்னும் இழுக்கும்போது நின்றுபோவது இதனால்தான்.

எங்களுக்கு இது வைகாசியில் வந்தது. கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை ஒரு கேமராவிலும் இரண்டு போன்களிலும் எடுத்து, மூன்றையும் ஒரே டைம்லைனில் அடுக்கினோம். மூன்றையும் சேர்த்துப் பிரிக்க வேண்டியிருந்ததால் படம் அப்படியே நின்றது, மேளச் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ராமைக் கூட்டு என்றார்கள். இன்னொரு 8 ஜிபி போட்டோம். இரட்டை ராமாக ஆனதில் உள்ளமைந்த கிராபிக்ஸுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது உண்மை, ஆனால் திக்கல் போகவில்லை. போனது ப்ராக்ஸியால்தான், அதாவது எடிட் செய்ய மட்டும் உருவாக்கிக்கொள்ளும் இலேசான நகலால்.

மீடியா பூலில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் 'ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா' கொடுங்கள். அதற்குமுன் புராஜெக்ட் செட்டிங்கில் அளவைக் 'குவார்ட்டர்' என்று வையுங்கள், 4கே படம் 960×540 ஆகிவிடும். வகையில் ப்ரோரெஸ் ப்ராக்ஸியோ டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பியோ எடுங்கள். இவற்றில் ஒவ்வொரு பிரேமும் தனி முழுப் படம், பின்னால் இழுத்தாலும் சிக்காது. இடம் மட்டும் தாராளமாகத் தின்னும். 1080 அளவு, 30 பிரேமில் ப்ரோரெஸ் ப்ராக்ஸியே மணிக்குச் சுமார் 20 ஜிபி. அதனாலும்தான் குவார்ட்டர் என்கிறேன். செய்ய நேரமும் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

உங்களுக்கு இன்னொன்றும் முக்கியம். டைம்லைனை 60 பிரேமில் உருவாக்குங்கள், கிளிப் போட்ட பிறகு அந்த டைம்லைனில் மாற்ற முடியாது. 30 என்று இருந்தால் பாதிப் பிரேம் போய்விடும், கோட்டைத் தொட்ட பிரேம் அந்தப் பாதியில் இருந்தால் அவ்வளவுதான்.

ராணிப்பேட்டை ரீல்ஸ்:

இவ்வளவு பாடு எதற்கு? 1080ல் எடுத்தால் தீர்ந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் போனில்தான் பார்க்கிறார்கள்.

ஆற்காடு கூத்துப்பதிவு:

ரீல்ஸுக்குச் சரி நண்பா. தெருவோரம் நின்று எடுத்த மாட்டை அப்புறம் பெரிதாக்கிக் காட்ட வேண்டுமானால் 1080 போதாது.

என் கதை வேறு. பாரதக் கூத்து, இரவு தொடங்கி விடிய விடிய நடப்பது. வெளிச்சம் மேடைக்கு மட்டும், சுற்றிலும் இருட்டு, படம் முழுக்கப் புள்ளி. அந்தப் புள்ளியைப் போக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை எல்லாக் கிளிப்பிலும் போட்டேன். ப்ராக்ஸி செய்திருந்தும் ஓடவில்லை. அந்த எஃபெக்ட் பக்கத்துப் பிரேம்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வேலை செய்கிறது, இங்கே பாரம் படத்தைப் பிரிப்பதில் இல்லை. வெட்டும் வேலை முடியும்வரை எஃபெக்ட்டை அணைத்து வைத்து, கடைசியில் மட்டும் போட்டேன். நடுவில் பார்த்தே ஆக வேண்டிய இடத்துக்கு, ப்ரீமியர் சாப்ட்வேரில் இன், அவுட் (தொடக்கம், முடிவு) குறித்து என்டர் தட்டினால் மேலே சிவப்புக் கோடு பச்சையாகும், பிறகு அந்தத் துண்டு தடங்கல் இல்லாமல் ஓடும். ரிசால்வில் ரெண்டர் கேஷ் (எஃபெக்ட்டை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமிப்பது) வைத்தால் சிவப்பு நீலமாகும். (துரியோதனன் படுகளம் மட்டும் பகலில். அன்றைக்கு எனக்கும் லேப்டாப்புக்கும் ஓய்வு.)

வயரையும் பாருங்கள். வெளி ஹார்டு டிஸ்கைக் கறுப்பு யுஎஸ்பி ஓட்டையில் செருகியிருந்தேன். பெரும்பாலும் அது 2.0, காகிதத்திலேயே நொடிக்கு 60 எம்பிதான். உள்ளே நீலமாக இருக்கும் ஓட்டைக்கு மாற்றியதும் கிளிப் திறக்கும் நேரமே குறைந்தது. கைவசம் எஸ்எஸ்டி இருந்தால் ப்ராக்ஸியையும் கேஷையும் அதில் வையுங்கள்.

வாலாஜா சிஸ்டம் சர்வீஸ்:

கடைக்கு இந்தப் புகாரோடு வருபவற்றில் பலதில் சாப்ட்வேர் குற்றமே இல்லை. சித்திரை வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுகிறது, லேப்டாப் மெத்தைமேல், விசிறியில் பஞ்சு மாதிரி தூசி. சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்பீடு' என்ற இடத்தைப் பாருங்கள். முதலில் நன்றாக ஓடி, கொஞ்ச நேரத்தில் கிகாஹெர்ட்ஸ் இறங்கி, அப்புறம் திக்கினால் அது சூடுதான். தூசி எடுத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றி, பின்பக்கத்தைத் தூக்கி வையுங்கள். சார்ஜர் செருகியே எடிட் செய்யுங்கள், பேட்டரியில் வேகம் தானாகக் குறையும்.

அணைக்கட்டு காளை:

குடியாத்தம் அண்ணே, ப்ராக்ஸி போட்டுவிட்டேன். கோட்டுக்கிட்ட பிரேம் பிரேமாக நகர்கிறது. ஆற்காட்டு அண்ணன் சொன்ன நீல ஓட்டை என் லேப்டாப்பில் ஒன்றுதான், அதில் மவுஸ் இருந்தது, மாற்றிவிட்டேன். ஒரு சந்தேகம்: 540ல் வெட்டினால் வெளியே வருவதும் மங்கலாகத்தானே வரும்?

குடியாத்தம் ஸ்டுடியோ:

வராது தம்பி. எக்ஸ்போர்ட் ஆகும்போது ஒரிஜினல் 4கேயைத்தான் எடுக்கும். டெலிவர் பக்கத்தில் 'யூஸ் ப்ராக்ஸி மீடியா' என்ற கட்டத்தில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரிஜினல் இருக்கும் ஃபோல்டரை நகர்த்தாதீர்கள், பெயரையும் மாற்றாதீர்கள். 'படம்தான் ஓடுகிறதே' என்று போனிலிருந்தும் டிஸ்கிலிருந்தும் ஒரிஜினலை அழித்துவிட்டு, கையில் ப்ராக்ஸியோடு மட்டும் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்போர்ட் வேகமும் இதனால் அதிகமாகாது, முன்பு எடுத்த நேரம்தான் எடுக்கும். அதை மாட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.