ஹெட்ஃபோன் ஆம்புக்கு மலிவான லீனியர் சப்ளை, எதை வாங்கலாம்?

ஈசூன்வாசி:
வணக்கம். என்ஈ 5532 பெருக்கி ஐசி, பின்னால் மின்னோட்டத்தைக் கூட்டித் தர டிரான்சிஸ்டர் பஃபர் வைத்து ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று கட்டியிருக்கிறேன். ஹெட்ஃபோன் 32 ஓம். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் துளி இரைச்சல் இல்லை. பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. ±15 வோல்ட் சுவிட்சிங் சப்ளையை (கைப்பேசி சார்ஜர் போல வேகமாக அணைத்து ஏற்றி மின்சாரம் தருவது) மாட்டினால் மெல்லிசாக ஒரு ‘கீய்’ சத்தம். வால்யூமைக் குறைத்தாலும் போகவில்லை. அப்படிச் செய்யாத, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லீனியர் சப்ளை வாங்க 60 வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். 2 ஆம்பியர், 3 ஆம்பியர் என்று விற்கிறார்களே, எவ்வளவு வேண்டும்? வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதால் 230 வோல்ட் பக்கம் கை வைக்கப் பயம்.

சாலிடர்பிரியன்:
தம்பி, 3 ஆம்பியருக்குக் காசு கொடுக்காதீங்க. 32 ஓமில் 1 வோல்ட் ஆர்எம்எஸ் (ஏசியின் பயனுறு அளவு) போனாலே காது வலிக்கும். அப்போதும் உச்சத்தில் ஒரு காதுக்கு 44 மில்லிஆம்பியர்தான். ஆம்ப் சும்மா இருக்கும்போது இழுப்பதையும் சேர்த்தால் 200 மில்லிஆம்பியர் தாராளம். 15-0-15, 30 விஏ திறன் டிரான்ஸ்ஃபார்மர், +15 வோல்ட்டை நிலையாகத் தரும் 7815, –15 வோல்ட் தரும் 7915 ரெகுலேட்டர்கள் போதும். டையோடு தின்றது போக 20 வோல்ட் கிடைக்கும், ரெகுலேட்டருக்கு அது சௌகரியம். இணையத்தில் வாங்கினால் பிரைமரி 230 வோல்ட்டா என்று பாருங்க. 115 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை நம்ம சிங்கப்பூர் பிளக்கில் சொருகினால் புகைதான் வரும்.

பழையரேடியோ:
முதலில் ஒரு சோதனை. பேட்டரியில் ஓடும்போது ஆம்புக்கு எர்த் தொடர்பே கிடையாது. பாட்டு லேப்டாப்பிலிருந்து வருதா? அதன் சார்ஜரைக் கழற்றிட்டு, அந்தப் பழைய சப்ளையிலேயே கேட்டுப் பாருங்க. சத்தம் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இரண்டு வழியாக வளையமாகச் சேர்வதால் வரும் இரைச்சல். புது சப்ளை வாங்கியும் பலன் இருக்காது.

ஈசூன்வாசி:
கழற்றிப் பார்த்தேன் அண்ணே. கைப்பேசியிலும் போட்டுப் பார்த்தேன். சத்தம் அப்படியே இருக்கு.

பழையரேடியோ:
அப்போ சப்ளைதான். பிள்ளை இருக்கிற வீடு என்பதால் டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம் என்பேன். ஏசி உள்ளே, ஏசி வெளியே அடாப்டர் ஒன்று வாங்குங்க: வெளியீடு 15 வோல்ட் ஏசி, 1 ஆம்பியர், லேபிளில் ~ குறி இருக்கணும், சேஃப்டி மார்க்கும் (பாதுகாப்பானது என்று சிங்கப்பூரில் தரும் குறி) இருக்கணும். 230 வோல்ட் அந்த மூடிய கூட்டோடு நின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மர் ஆம்பை விட்டுத் தள்ளி இருப்பதால் அதன் காந்தப்புல ஹம்மும் வராது. சிம் லிம் டவரில் கேட்டுப் பாருங்க. சிம் லிம் ஸ்குவேர் இல்லை, ஜாலான் புசாரில் இருக்கும் டவர்.

மற்றபடி அதே 7815, 7915தான். இதில் +, – ஒவ்வொரு பக்கத்துக்கும் அரை அலைதான் கிடைக்கும். கெப்பாசிட்டர் நொடிக்கு 50 முறைதான் நிரம்பும், அதனால் பக்கத்துக்கு 4700 மைக்ரோஃபாரட் போடுங்க. சுமை இல்லாதபோது 25 வோல்ட் வரை ஏறலாம். 35 வோல்ட் தாங்குகிறதா வாங்குங்க.

சாலிடர்பிரியன்:
இது நல்ல வழி. 7915-இல்தான் பலர் சறுக்குவாங்க. 7815-க்கு கால் வரிசை உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு. 7915-க்கு கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு. அதன் உலோக முதுகும் கிரவுண்ட் இல்லை, உள்ளீட்டோடு சேர்ந்தது. இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் பூட்டினால் நடுவில் மைக்கா (மின்சாரம் கடத்தாத தகடு) வைங்க.

ஈசூன்வாசி:
சனிக்கிழமை போய் வாங்கிடறேன். ஆம்பில் நேராகவே மாட்டலாமா?

பழையரேடியோ:
வேண்டாம். பக்கத்துக்கு ஒரு 470 ஓம், 1 வாட் ரெசிஸ்டரைச் சுமையாக வைத்து, +15, –15 இரண்டையும் மல்டிமீட்டரில் அளந்துடுங்க. அப்புறம் ஆம்பை மாட்டி, ஹெட்ஃபோன் சாக்கெட்டில் டிசி எவ்வளவு என்று பாருங்க. 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஹெட்ஃபோனைச் சொருகலாம்.